பன்னிரண்டாவது மஞ்சள் மீன்

ஜனவரி 9

அன்புள்ள பொடிசுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த வரி இல்லாவிட்டால் அது கடிதமே இல்லை, தந்தி என்று போன முறை சண்டை போட்டாயே, அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். வாங்கி வைத்துக்கொள்.

தீவுக்கு வந்து ஏழு மாதம் ஓடிவிட்டது. போன் எடுக்காது. சனிக்கிழமைப் படகு வந்தால் தபால், வராவிட்டால் அடுத்த சனி. மீன் ஆராய்ச்சி நிலையத்தில் மொத்தம் நாலே பேர்: தலைவர், சமையல்காரர், நான், அப்புறம் என் அறையில் அடுத்த கட்டிலில் படுக்கும் தொட்டிக்காரர். கடல் தண்ணீர்த் தொட்டிகளைக் கவனிப்பது அவர் வேலை. சொந்தம் என்று யாரும் இல்லை போலிருக்கிறது, ஒரு கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. உன் கடிதம் வந்தால் அவருக்கும் படித்துக் காட்டுகிறேன். கோபித்துக்கொள்ளாதே, உன் மூக்குக்கண்ணாடிக் கடைக் கதைகளுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

அம்மா தெருவெல்லாம் "என் பையன் சர்ஜன்" என்று சொல்கிறாளாமே. சர்ஜன் என்பது நான் ஆராய்கிற மீனுக்குப் பெயர், எனக்கில்லை என்று சொல். வாலடியில் இரண்டு பக்கமும் ஒரு கத்தி இருக்கும், பேனாக்கத்தி மாதிரி மடங்கிப் பள்ளத்துக்குள் கிடக்கும். சீண்டினால் விரியும். பவளப் பாறையில் பாசி மேய்ந்து பிழைக்கும் சாது, கத்தி மட்டும் சாது இல்லை.

இதில் ஒரு வகை பெரிய நடிகன். குஞ்சாக இருக்கும்போது தன் நிறத்தில் இருக்காது. பக்கத்தில் வாழும் சின்ன ஏஞ்சல் மீன் மாதிரியே மஞ்சளாக, கண்ணைச் சுற்றி அதே நீல வளையத்தோடு திரியும். பாசித் தோட்டம் வைத்துக் காவல் காக்கும் மீன்கள் இதை ஏஞ்சல் என்று நினைத்து உள்ளே விட்டுவிடும், இது வயிறார மேயும். ஏஞ்சல் வளரக்கூடிய அளவைத் தாண்டியதும் வேஷம் கலைந்து பழுப்பாகிவிடும். போன வாரம் பன்னிரண்டு ஏஞ்சல் பிடித்துத் தொட்டியில் விட்டேன். எண்ணிப் பார்த்தால் பதினொன்றுதான் ஏஞ்சல். உனக்கும் பாடம் சொல்கிறேன், கேள்: நிறத்தை நம்பாதே, முள் எங்கே இருக்கிறது என்று பார். கன்னத்தில் முள் இருந்தால் ஏஞ்சல், வாலடியில் கத்தி இருந்தால் வேஷக்காரன்.

தொட்டிக்காரருக்கு அந்தப் பன்னிரண்டாவதின் மேல்தான் பிரியம்.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் நலம் என்று எழுத ஆசைதான், முழுதாக எழுத முடியவில்லை. அம்மாவின் இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. நேற்று எங்கள் கண்ணாடிக் கடையிலேயே உட்கார வைத்துப் பார்த்தேன். பலகையில் மேல் வரிசைப் பெரிய எழுத்தைக் காட்டி, "என்னம்மா தெரியுது?" என்றால், "வெள்ளையா ஏதோ பலகை தெரியுதுடி" என்கிறாள்.

டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறார். இந்த வருஷம் தாண்டினால் அவர் பொறுப்பில்லையாம். அம்மா பிடித்த பிடியில் நிற்கிறாள்: "அவன் வரட்டும். கட்டு அவுக்கும்போது அவன் எதிர்ல நிக்கணும். இல்லாட்டி இருக்கிற வெளிச்சமே போதும்." நீ மீனுக்கு முள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். லீவு கேள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

புதுக் கண்ணாடி படகில் வந்ததா? மைனஸ் மூன்றரை. கீழே போட்டு உடைத்தால் அடுத்தது நான் செய்யமாட்டேன்.

என் கடிதத்தை ஊரான் ஒருவருக்குப் படித்துக் காட்டுகிறாயே, வெட்கமாக இருக்கிறது. சரி, சிரிக்கிறார் என்றால் படி.

அம்மா எப்போதும் போலக் கடைசியில் ஒரு வரி சொல்கிறாள். இதுவரை ஒன்றுக்காவது நீ பதில் போட்டதில்லை, ஆனாலும் சொல்கிறாள்: "ஈரத் தலையோடு படுக்காதே."

உன் பதிலை எதிர்பார்க்கும்,
பொடிசு


பிப்ரவரி 27

அன்புள்ள பொடிசுக்கு,

நலம் என்று சொன்னால் எழுத்தைப் பார்த்து நீ கண்டுபிடித்துவிடுவாய். நான் சொல்லச் சொல்லத் தொட்டிக்காரர் எழுதுகிறார். வலது கையில் கட்டு. சர்ஜன் ஆபரேஷன் செய்துவிட்டது! வலையில் வந்த பெரிய மீன் ஒன்றை அளவெடுக்கும்போது வாலை ஒரு சுழற்று சுழற்றியது, கட்டைவிரல் அடியில் ஆழமாக ஒரு கீறல். ஒரு நிமிஷம் வலியே இல்லை, அப்புறம் பார், அம்மா தாயே என்று கத்தியது உனக்கே கேட்டிருக்கும். கொஞ்சம் வீங்கியிருக்கிறது, ஜுரமும் இருக்கிறது. கடல் குமுறுவதால் படகு வரவில்லை. வந்ததும் மருந்து வரும். மீனைத் திட்டாதே. அதன் வாலைப் பிடித்தது நான், மீன் குற்றவாளி இல்லை.

லீவுக்கு எழுதிக் கேட்கிறேன். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? இடது கண்ணா வலது கண்ணா அதிகம்? அம்மாவிடம் சொல், ஈரத் தலையோடு படுப்பதில்லை. நன்றாகத் துவட்டிவிட்டுத்தான் படுக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கை எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல். பதறிப் போய்விட்டேன். எங்கள் கடைக்கு வரும் நர்ஸ் அக்காவிடம் கேட்டேன், கடல் மீன் காயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பயமுறுத்துகிறாள். படகு வந்ததா? மருந்து போட்டார்களா?

கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்தேன். அவள் கண் விஷயம் வந்த இடத்தில், "அதை மறுபடி படி" என்றாள். படித்தேன். "தலை விஷயத்தையும் படி" என்றாள். படித்தேன். பிறகு எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். மகன் முதல் முறையாகப் பதில் சொன்ன சந்தோஷம் போலிருக்கிறது. அன்று அவள் சாப்பிடவில்லை.

அவளுக்கு இடது கண்தான் மோசம். வலதில் நிழல் தெரியும்.

எழுதித் தருகிறவருக்கு என் நன்றி. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, உன் கோழிக் கிறுக்கலுக்கு இது எவ்வளவோ மேல்.

அம்மாவின் வரி: "எழுதிக் கொடுக்கிற பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடட்டும்."

அன்பு,
பொடிசு


ஏப்ரல் 16

அன்புள்ள பொடிசுக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு இடது கண்தான் மோசம் என்று எழுதியிருந்தாய், அன்றிலிருந்து நான் என் இடது கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்க்கிறேன். படிக்கட்டுதான் கஷ்டம். நம் வீட்டு வாசல் படியில் அம்மா ஜாக்கிரதையாக இறங்கட்டும்.

கை ஆறி வருகிறது. விரல் இன்னும் மடங்கவில்லை, ஆகவே இதுவும் நண்பரின் எழுத்து. எழுதுகிறவன் வேளைக்குச் சாப்பிடுகிறான் என்று அம்மாவிடம் சொல். இதுவரை அவனை அப்படி யாரும் கேட்டதில்லையாம்.

நீ அனுப்பிய கண்ணாடியைத்தான் போட்டிருக்கிறேன். என்னவோ தெரியவில்லை, எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது. போகப் போகப் பழகிவிடும்.

ஜுரத்துக்குப் பிறகு சில விஷயங்கள் மறந்தது போல இருக்கிறது. படுத்தால் வீடு ஞாபகம் வருகிறது, ஆனால் துண்டு துண்டாக. என் கட்டில் எந்தப் பக்கம் இருந்தது? ஜன்னலில் இருந்து என்ன தெரியும்? நீ தைக்கும்போது மெஷின் எந்த அறையில் சத்தம் போடும்? ஒன்றுவிடாமல் எழுது. ரொம்ப நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. நீளமாகவே இருக்கட்டும்.

பன்னிரண்டாவது மீன் வளர்கிறது. மற்ற பதினொன்றும் அதை இன்னும் தங்களில் ஒன்று என்றே நினைக்கின்றன.

அன்புடன்,
அண்ணன்


மே 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். கை மடங்க ஆரம்பித்ததா?

கண்ணாடி விஷயம் எனக்கு விளங்கவே இல்லை. பவரை மூன்று முறை சரிபார்த்துத்தான் பெட்டியில் வைத்தேன். கிட்டப்பார்வை திடீரென்று ஒருநாள் மறைந்து போகாது. நல்ல கண் இருக்கிறவன் மைனஸ் மூன்றரை போட்டால்தான் நீ சொல்கிற மாதிரி இருக்கும், தலையும் வலிக்கும். உனக்கு வலிக்கிறதா?

கேட்டாயே என்று எழுதுகிறேன். உன் கட்டில் கூடத்தில், பச்சைச் சுவரை ஒட்டி. ஜன்னலில் இருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் பின்னால் ஒரு துண்டு ரோடும் தெரியும். தையல் மெஷின் சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம். நான் தைத்தால் உன் கட்டில் கால் நடுங்கும், நீ காலால் சுவரை உதைப்பாய். உன் நீலக் கப் இன்னும் இருக்கிறது, காது உடைந்துவிட்டது. இரண்டாவது அலமாரிக் கதவு இப்போதும் அழுகிறது. போதுமா? சொந்த வீட்டுக்கு வழி கேட்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நீயே எழுது. உன் பேச்சைத்தான் கேட்பாள்.

அம்மாவின் வரி: "எழுதும்போது விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்."

பொடிசு


ஜூன் 4

அன்புள்ள பொடிசுக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும்தான் இங்கே என் ஒரே கவலை. விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதப்படுகிறது என்று அம்மாவிடம் சொல். தலைவலி உண்டு, பழகிவிட்டது.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. இப்போது எல்லாம் திரும்பி வந்துவிட்டது. சின்ன வயதில் அம்மை போட்டு நான் படுத்துக் கிடந்தபோது, அந்தப் பச்சைச் சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தேனே, பச்சைத் தூள் நகத்துக்குள் போய் அம்மா திட்டுவாளே. நீ அப்போது கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு பூனை மாதிரி கத்துவாய்.

இது அம்மாவுக்கு, உரக்கப் படி: அம்மா, ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள். கட்டு அவிழ்க்கும் நாளில் நான் உன் எதிரில் நிற்பேன். இது சத்தியம்.

தேதி குறித்ததும் எழுது. பன்னிரண்டாவதின் வால் ஓரத்தில் கறுப்பு விழ ஆரம்பித்திருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? நாங்கள் நலம். அம்மா சம்மதித்துவிட்டாள். நீ எழுதியதை முழுக்கக் கேட்டாள். பிறகு, "சரி, எனக்குக் கண்ணு வேணும், தேதி வாங்கு" என்றாள். ஆகஸ்ட் 14.

ஒரு சின்ன விஷயம் கேட்கிறேன். சுவர். அது சுண்ணாம்பு வெள்ளை அண்ணா. நாம் பிறந்ததிலிருந்து வெள்ளை. வீட்டுக்காரர் பச்சை அடித்தது இந்த மார்ச்சில். பூனை மாதிரி நான் கத்தியது உண்மை, அம்மை உண்மை, நகத்தால் சுரண்டியதும் உண்மை. பச்சைத் தூள் எங்கிருந்து வந்தது?

ஜுரத்தில் குழப்பம் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் நேற்று கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலதில் மாட்டிவிட்டேன். நாலு மாதமாகிவிட்டது, கை ஆறியிருக்குமே. உன் கைப்பட நாலு வரி எழுதி அனுப்பு. கோழிக் கிறுக்கலைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அம்மாவின் வரி: "அங்கே தூக்கம் வருதா என்று கேள்."

பொடிசு


ஜூலை 11

அன்புள்ள பொடிசுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இதோ என் கையெழுத்து. விரல் வலிக்கிறது, ஆகவே சுருக்கமாக. ஆகஸ்ட் 14க்கு முன்னால் வந்துவிடுவேன். கையில் தழும்பு பெரிதாக இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் அம்மாவுக்கே தெரியும்.

தூக்கம் அவ்வளவாக வருவதில்லை என்று சொல்.

அன்புடன்,
அண்ணன்


ஜூலை 23

வணக்கம்.

நலம் விசாரிக்க வேண்டியதுதான் முறை. யாருடைய நலத்தை விசாரிப்பது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

கடைசிக் கடிதத்தைக் கடைக்கு எடுத்துப் போய் லென்ஸ் பார்க்கும் பெரிய பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக என் அண்ணன் எழுத்துதான். ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் பேனா நின்று நின்று போயிருக்கிறது, நின்ற இடத்தில் மை ஊறியிருக்கிறது. அண்ணன் எழுதினால் பேனா நிற்காது, பஸ் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடும். அவர் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதினீர்களா?

அந்தக் கண்ணாடியும் உங்கள் முகத்தில்தான் இருக்கிறது. கண் நன்றாக இருக்கிற ஒருவர் நாலு மாதமாக என் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைவலியோடு, எங்கள் வீட்டு ஜன்னலில் என்ன தெரியும் என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். நானும் பைத்தியக்காரி மாதிரி கட்டில், கப், அலமாரி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் கூடத்து விளக்கைப் போட்ட பிறகுதான் உள்ளே வருகிறேன். அந்தக் கட்டிலில் யாரோ உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது.

நிறத்தை நம்பாதே, முள் எங்கே என்று பார் என்று அண்ணன் எழுதியிருந்தார். ஜனவரிக் கடிதத்தை இப்போது மறுபடி எடுத்துப் படித்தேன்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஆபரேஷன் நின்றுவிடும், கண் போய்விடும். சொல்லாவிட்டால் கட்டு அவிழ்க்கும்போது எதிரில் யார் நிற்பது? நீங்கள் கொடுத்த சத்தியம் இது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். என் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா?

இதில் அம்மாவின் வரி இல்லை. இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது.


ஆகஸ்ட் 5

மதிப்பிற்குரிய தங்கை அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

அவர் இல்லை. மார்ச் 5ஆம் தேதி காலை ஆறு மணிக்குப் போய்விட்டார். பன்னிரண்டு நாள் படகு வரவில்லை. கை கறுத்து, வீக்கம் தோள்வரை ஏறிவிட்டது. தலைவர் ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அலை இறங்கிப் படகு வந்தது 8ஆம் தேதி. தொட்டிக் கொட்டகைக்குப் பின்னால், அலை ஏறாத மேட்டில் வைத்திருக்கிறோம். குழியை நான்தான் வெட்டினேன்.

கடைசி நாலு நாள் அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. எல்லாம் வீட்டைப் பற்றி. அம்மை, பூனைச் சத்தம், நகம், சுவர். அவர் நிறம் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய பச்சையை நான் பூசினேன்.

பிப்ரவரிக் கடிதத்தில் பாதி அவருடையது. "மீன் குற்றவாளி இல்லை" என்பதுவரை அவர் சொன்னது. அதோடு கண் அயர்ந்துவிட்டார். மீதியை நானே எழுதி முடித்தேன். அம்மாவின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் முடிப்பது எனக்கு நன்றாகப் படவில்லை. அவ்வளவுதான் நினைத்தேன், சத்தியமாக.

தலைவர் உங்களுக்கு எழுதிய துக்கக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தபால் பையைப் படகில் ஏற்றுவது என் வேலை. அதை மட்டும் பையிலிருந்து எடுத்துவிட்டேன். அது போனால் உங்கள் கடிதம் நின்றுவிடும். அதற்கு மேல் பெரிய காரணம் ஏதும் இல்லை. தலைவர் ஏப்ரலில் மாற்றலாகிப் போனார், வேறு யாரும் கேட்கவில்லை.

உங்கள் அண்ணன் கட்டிலில் படுக்கிறேன். அவர் சட்டையைப் போடுகிறேன். கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு இப்போது எல்லாம் கூசுகிறது. சமையல்காரர் ஒருநாள் கதவுப் பக்கம் நின்று உங்கள் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், நான் திரும்பினேன். அன்றிலிருந்து அவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

நீங்கள் தேதி எழுதிய கடிதம் வந்த அன்று ஒரு பெரிய மீனைப் பிடித்து, அதன் கத்தியால் என் கட்டைவிரல் அடியில், அவருக்குப் பட்ட அதே இடத்தில் கீறிக்கொண்டேன். வரத்தான் நினைத்தேன். கண் தெரியாத அம்மா கையைத் தடவிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். கட்டு அவிழ்த்த பிறகு என்ன ஆகும் என்று நினைக்கவே இல்லை. காயம் ஆறிவிட்டது. எனக்கு மட்டும் ஆறிவிட்டது.

பன்னிரண்டாவது முழுக்கப் பழுப்பாகிவிட்டது. வாலும் பிறைபோல நீண்டுவிட்டது. மற்ற பதினொன்றும் அதைக் கண்டால் விலகுகின்றன.

நான் வரமாட்டேன். அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டுமோ நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். என்ன தண்டனை என்றாலும் எழுதுங்கள். எழுதுங்கள் என்றுதான் மறுபடியும் கேட்கிறேன், பாருங்கள்.

தொட்டிக்காரன்


செப்டம்பர் 3

தம்பிக்கு,

நான் நலம். கண் நன்றாகத் தெரிகிறது. இது என் கையெழுத்து. நாலு வருஷம் கழித்து எழுதுகிறேன், வரி கோணிக்கொண்டு போனால் நீ சமாளித்துப் படி. பொடிசு பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள், அவளை எழுதச் சொல்ல முடியாது. கண் தெரிந்ததும் உன் ஆகஸ்ட் கடிதத்தை அவள் எடுத்துக் கொடுத்தாள், நானே படித்தேன்.

கட்டு அவிழ்த்த அன்று நீ வரவில்லை. நல்லது. வந்து என் பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தால், ஜென்மத்துக்கும் உன்னை மன்னித்திருக்கமாட்டேன்.

எனக்கு மார்ச்சிலேயே தெரியும். அவனைப் பெற்றவள் நான். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன ஒரு வரிக்காவது அவன் பதில் சொன்னானா? ஈரத் தலையோடு படுக்காதே என்று பத்து வயதிலிருந்து சொல்கிறேன், ஒருநாள் துவட்டியதில்லை. துவட்டிவிட்டுத்தான் படுக்கிறேன் என்று பொடிசு படித்த உடனே, இது அவன் இல்லை என்று தெரிந்துவிட்டது. மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடியும் அவன் இல்லை. என் பிள்ளை போய்விட்டான் என்று அன்றைக்கே படுத்து அழுதேன். அவள் பயந்துவிடுவாள் என்று நான் சொல்லவில்லை. நான் ஒடிந்துவிடுவேன் என்று அவள் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் உன் கடிதத்துக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். கடிதம் நின்றால் அவன் செத்தது உறுதியாகிவிடும். வருகிறவரை வரட்டும் என்று இருந்தேன். ராத்திரி பகல் என்று இல்லாமல் பயமாகத்தான் இருந்தது, யாரோ ஒருவன் என் மகன் மாதிரி பேசுகிறான், என் மகனைவிட நன்றாகப் பேசுகிறான் என்று. ஆனாலும் தபால்காரர் மணி அடித்தால் முதலில் எழுந்தது நான்தான். அந்த வெட்கத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

உன் சத்தியத்தை நம்பி நான் கண்ணைத் திறந்துகொள்ளவில்லை. அவன் கிடக்கிற இடத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்குத்தான் சம்மதித்தேன். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமைப் படகில் நானும் பொடிசும் வருகிறோம். நீ எங்கும் ஓடிப் போகாதே. துக்கக் கடிதத்தை ஒளித்ததற்கு உன்மேல் எனக்கு ஆத்திரம் நிறைய இருக்கிறது, அதை நேரில் வைத்துக்கொள்கிறேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து வை. அவன் சட்டைகளை மடித்து வை. உன் சட்டையைப் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு வா. அவனுக்குக் குழி வெட்டிய கையை நான் பார்க்க வேண்டும்.

அந்தப் பழுப்பு மீனைத் தனித் தொட்டியில் விடு. இன்று விலகுகிறவை நாளைக்குத் துரத்தித் துரத்திக் கொன்றுவிடும்.

கடைசியில் ஒரு வரி. கண்ணாடியைக் கழற்றினால் கூசுகிறது என்று எழுதியிருந்தாய், பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடியில்லாமல் இருந்து பழகு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இதற்கு நீ பதில் போடுவாய் என்று எனக்குத் தெரியும். போடும்போது அடியில் உன் பெயரை எழுது. உன் பெயர் என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அம்மா